காட்டுக் காளானும் பூப்பாத்தியும்: தேட, அடையாளம் காண, கைவேலை செய்ய

காளானைக் கிள்ளி எடுக்காதீர்கள், தோண்டி எடுங்கள். காட்டுக் காளான் தேடுவோர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். உலகில் மிக அதிகம் பேரைக் கொன்ற காளானின் முக்கிய அடையாளம் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. காம்பை மட்டும் கிள்ளுகிறவர் அந்த அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

சமையலுக்குக் காளான் பறிக்கும் முறை இங்கே இல்லை. தேடுவது, தோண்டுவது, காளானின் விதை போன்ற நுண்தூளான ஸ்போரைக் காகிதத்தில் பதிவு எடுப்பது, குறித்துவைப்பது, காளான் தானாக வந்து முளைக்கும்படி ஒரு பூப்பாத்தி போடுவது, கடைசியாகக் காளானிலிருந்து மை காய்ச்சுவது, இவ்வளவுதான். இதிலேயே பல ஆண்டுகளுக்கு அலுக்காத வேலை இருக்கிறது. சாப்பிடும் எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட்டால் நச்சுக் காளானும் கூடைக்குள் வரலாம். அழகான காளான்களில் பாதி அந்த வகைதான்.

எப்போது, எங்கே தேடுவது

ஒரு தூறல் போதாது. மண்ணும் கீழே கிடக்கும் கட்டைகளும் நன்றாக ஊறும் அளவுக்கு மழை வேண்டும். அப்படி ஒரு மழைக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை நல்ல காலம். மண்ணுக்குள்ளோ கட்டைக்குள்ளோ ஏற்கெனவே பரவியிருக்கும் மெல்லிய பூஞ்சை இழைகள் ஈரம் கிடைத்ததும் மேலே அனுப்பும் உறுப்புதான் நாம் பார்க்கும் காளான். இழைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருப்பதால், போன வருடம் கண்ட இடத்தை இந்த வருடமும் போய்ப் பாருங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துவைக்கிறவருக்கு இரண்டு மூன்று பருவங்களில் தமக்கென்று ஒரு வரைபடமே அமைந்துவிடும்.

காலையில் கிளம்புங்கள். சில மெல்லிய காளான்கள் விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருண்டுவிடும். நடையைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்ப்பதுதான் பலன் தரும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடத்தை அரை மணி நேரம் குந்தியபடி பார்ப்பவர், இரண்டு கிலோமீட்டர் நடப்பவரைவிட அதிகம் காண்பார். மரத்தடி, விழுந்து மக்கும் கட்டை, இலைச்சருகு, சாணம், புல்வெளி, கரையான் புற்றின் ஓரம் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய காளான்கள் உண்டு. எதன்மேல் முளைத்தது என்பதே பாதி அடையாளம்.

காப்புக்காடுகளிலும் பூங்காக்களிலும் பறிப்பதற்குத் தடை இருக்கலாம். தனியார் நிலத்தில் உரியவரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்தில் படம் எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பறிப்பதால் காளான் அழிந்துவிடுமோ என்று பலருக்குத் தயக்கம் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1975 முதல் 29 ஆண்டுகள் தொடர்ந்து நடந்த ஆய்வில், பிடுங்கினாலும் அறுத்தாலும் பின்வரும் ஆண்டுகளின் விளைச்சல் குறையவில்லை. ஆட்கள் காலால் மிதித்த இடங்களில்தான் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே கூட்டமாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக நடங்கள், புரட்டிய கட்டையை மறுபடி அதே பக்கமாக வைத்துவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை

தட்டையான அடிப்பாகம் உள்ள கூடை அல்லது அட்டைப் பெட்டி, காகிதப் பைகள், சிறு தோட்டக் கரண்டி, கத்தி, பென்சில், குறிப்பேடு, அளவுகோல், பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ். பேனா ஈரத்தில் எழுதாது, பென்சில் எழுதும். குட்டிக் காளான்களுக்கு முட்டை அட்டை நல்லது, ஒரு குழிக்கு ஒன்று என்று வைக்கலாம்.

பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். பறித்த பிறகும் காளான் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது, நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அந்த நீர் வியர்வையாகத் தேங்கி, வெக்கையில் சில மணி நேரத்துக்குள் எல்லாம் கூழாகிவிடும். ஒரு பையில் ஒரு வகையை மட்டுமே போடுங்கள். ஓர் உடைந்த துண்டு இன்னொன்றோடு கலந்தால் பிறகு பிரித்தறிவது சிரமம்.

தோண்டும் முறை

எடுப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள்: இருக்கும் இடத்தோடு ஒன்று, மேலிருந்து ஒன்று, தரை மட்டத்தில் பக்கவாட்டில் ஒன்று. அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிக் கரண்டியைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, அடியோடு நெம்பி எடுங்கள். மண்ணை உதறாமல் விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். அடிப்பாகம் கிழங்கு போல் பருத்திருக்கலாம், கிழிந்த கோப்பை போல ஒரு பையில் நின்றுகொண்டிருக்கலாம், வெறுமனே இழைகளோடு முடியலாம். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வளரும் கரையான் புற்றுக் காளான்களுக்கு வேர் போன்ற ஒரு வால் மண்ணுக்குள் நீண்டு, கரையான்கள் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோவது அந்த வால்தான். அது கையோடு வந்தால் அடையாளம் பாதி முடிந்தது.

ஒரே வகையில் மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என மூன்று பருவங்களிலும் ஒவ்வொன்று எடுங்கள். ஒரே காளான் மொட்டில் ஒரு நிறம், முதிர்ந்தபின் வேறு நிறம் என்று ஆளே மாறிவிடும். ஒன்றை மட்டும் எடுத்துவந்து படத்தோடு ஒப்பிடுவதால்தான் பெரும்பாலான குழப்பம் வருகிறது. மூன்று கிடைக்காவிட்டால் கிடைத்ததை எடுங்கள். ஆனால் பெயர் சூட்ட அவசரப்படாதீர்கள்.

நச்சுக் காளானைத் தொட்டாலே விஷம் ஏறும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. சாவைத் தரும் அமானிட்டா வகைகளைக்கூடக் கையில் எடுத்துப் பார்ப்பதால் எதுவும் ஆகாது. நஞ்சு வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து. தொடக் கூடாத விதிவிலக்கு ஒன்று உண்டு. கிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் காணப்படும், பவளக்கிளை போல் சிவந்து நிற்கும் பூஞ்சை அது. அதைத் தொட்டாலே தோல் எரியும் என்று பதிவுகள் உள்ளன. செக்கச் சிவந்த விரல்கள் போல எதுவும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தால் படத்தோடு விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் கை கழுவுவது எப்போதும் நல்லது.

வீட்டு மேசையில்

காளான் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணே குறிப்பேட்டிலும், படத்திலும், பிறகு ஸ்போர் பதிவின் ஓரத்திலும் வர வேண்டும். இந்தச் சின்ன ஒழுங்கை விட்டவர்களின் சேகரிப்பு ஒரே மாதத்தில் பெயரில்லாத தாள்களின் குவியலாகிவிடும்.

முதலில் குடைக்கு அடியைப் பாருங்கள். மெல்லிய தகடுகளாகச் செவுள்கள் இருக்கலாம், பஞ்சு போல நுண்துளைகள் இருக்கலாம், பற்கள் போல ஊசிகள் தொங்கலாம். செவுளாக இருந்தால், அவை காம்பைத் தொடுகின்றனவா, தொடாமல் இடைவெளி விட்டு நிற்கின்றனவா, காம்பின்மேல் வழிந்து இறங்குகின்றனவா என்று குறியுங்கள். காம்பில் பாவாடை போல வளையம் உண்டா என்று பாருங்கள். வளையம் சில சமயம் உதிர்ந்துபோயிருக்கும், மழையில் காம்போடு ஒட்டியிருக்கும். அதனால்தான் இளம் காளானும் வேண்டும் என்றது.

அடுத்து, ஒன்றை உச்சியிலிருந்து அடிவரை நேராக இரண்டாகப் பிளந்து ஐந்து நிமிடம் கவனியுங்கள். சில துளைக் காளான்களின் வெண்ணிறச் சதை கண்ணெதிரே நீலமாகும். லாக்டேரியஸ் வகைகளில் வெட்டிய இடத்தில் பால் துளிர்க்கும். அகாரிகஸ் சாந்தோடெர்மஸ் என்ற காளான் பார்ப்பதற்குச் சாப்பிடும் மொட்டுக் காளான் போலவே இருக்கும். அதன் காம்பின் அடியை வெட்டினால் பளிச்சென்று மஞ்சளாகும், மருந்து நெடி வீசும். அதைச் சாப்பிட்டால் வயிறு கெடும். மோந்து பார்ப்பதும் ஒரு சோதனைதான். சோம்பு, முள்ளங்கி, பச்சை உருளைக்கிழங்கு, பினாயில், மீன் என்று எது நினைவுக்கு வருகிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

ஸ்போர் பதிவு

இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடி இது. கண்ணுக்குத் தெரியாத ஸ்போர்கள் லட்சக்கணக்கில் செவுள்களிலிருந்து உதிர்ந்து காகிதத்தில் படியும்போது, அவற்றின் நிறம் தெரியவரும். குடையின் நிறம் வெயிலில் வெளுக்கும், மழையில் கரையும். ஸ்போரின் நிறம் அப்படி மாறாது.

முழுதாக விரிந்த, ஆனால் வாடாத குடையாகத் தேர்ந்தெடுங்கள். காம்பைச் செவுள்களின் மட்டத்துக்கு ஒட்ட அறுங்கள். காம்பின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் குடை ஒரு பக்கம் சாய்ந்து, பதிவு பாதியில் மங்கும். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய காகிதத்தின்மேல், இரு நிறமும் சேரும் கோட்டில் குடையின் நடுப்பகுதி வரும்படி செவுள் கீழே பார்க்க வையுங்கள். வெள்ளை ஸ்போர் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது; கறுப்பு ஸ்போர் கறுப்பில் தெரியாது. எது வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் இரண்டும் வேண்டும். குடையின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கண்ணாடித் தம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்து மூடுங்கள். காற்று வீசினால் தூள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும் என்பதற்காகத்தான் இந்த மூடி. சிலவற்றில் நான்கு மணி நேரத்திலேயே படிந்துவிடும். இரவு முழுக்க விடுவது நிச்சயம்.

காலையில் குடையை நேர் மேலாகத் தூக்க வேண்டும், பக்கவாட்டில் துளியும் இழுக்கக் கூடாது. நன்றாக விழுந்த பதிவில் நடுவில் காம்பு இருந்த வட்டம் வெறுமையாக இருக்கும். அதைச் சுற்றி மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் நூற்றுக்கணக்கான மென்கோடுகள் தெரியும். செவுளின் ஓரம் காகிதத்தைத் தொட்ட இடம் வெளுத்த கோடு, இரு செவுள்களுக்கு இடையே தூள் விழுந்த இடம் அடர்ந்த கோடு. லென்ஸை வைத்துப் பார்த்தால், நீளமான செவுள்களுக்கு நடுவே விளிம்போரம் மட்டும் தொடங்கி நின்றுவிடும் குட்டிச் செவுள்களின் தடமும் தெரியும். துளைக் காளான் என்றால் கோடுகளுக்குப் பதிலாகப் புள்ளிகளாக விழும். மரத்தில் தட்டுப்போல் வளரும் கெட்டியான காளான்களுக்கு ஓரிரு நாள் தேவைப்படும். அவற்றிலும் வளர்ந்துகொண்டிருக்கும் வெளிர்நிற விளிம்பு உள்ளதை எடுத்தால்தான் கிடைக்கும்.

எதுவும் விழவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. குடை மொட்டாக இருந்து செவுளை மூடிய சவ்வு கிழிந்திருக்காது; குடை வாடிக் காய்ந்திருக்கும்; அல்லது முதிர்ந்து எல்லாவற்றையும் காட்டிலேயே உதிர்த்திருக்கும். காய்ந்திருந்தால் ஈரத்துணியை மேலே போட்டு இன்னொரு இரவு விடலாம். பதிவு சேறு போல் பரவியிருந்தால் மழையில் நனைந்த குடையை அப்படியே வைத்திருக்கிறீர்கள். முதலில் ஒரு மணி நேரம் செவுள் மேலே பார்க்கக் காகிதத்தில் வைத்து நீரை இழுக்கவிடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நெளிந்த தடங்கள் தெரிந்தால், குடைக்குள் இருந்த புழுக்கள் வெளியே வந்து ஊர்ந்திருக்கின்றன. அதற்கு வேறு குடை எடுப்பதைத் தவிர வழியில்லை.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். மெல்லியதாகப் படிந்த தூள் ஏமாற்றும்; பிளேடால் ஒரு மூலையில் குவித்துப் பார்த்தால்தான் வெள்ளைக்கும் வெளிர் இளஞ்சிவப்புக்கும் வேறுபாடு புலப்படும். அமானிட்டாவுக்கு வெள்ளை. வைக்கோல் காளானுக்கும் அதன் உறவுகளுக்கும் இளஞ்சிவப்பு. கார்ட்டினேரியஸ், கலெரினா இனங்களுக்குத் துருப்பிடித்த பழுப்பு. மொட்டுக் காளான் குடும்பத்தின் அகாரிகஸுக்குச் சாக்லேட் பழுப்பு. மையாகக் கரையும் காளான்களுக்குக் கறுப்பு. வெப்பமான பகுதிகளின் புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டெஸுக்கு மட்டும் மங்கிய பச்சை. இது சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் பேதியும் தரும். இளமையில் இதன் செவுள் வெள்ளையாகவே இருப்பதால், பதிவு எடுக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தவர்கள் ஏமாறுகிறார்கள்.

பதிவைச் சுவரில் மாட்ட வேண்டுமானால், கரித்தூள் ஓவியங்களுக்கு அடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை முப்பது நாற்பது சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மெல்லிய படலமாக அடித்து, காய்ந்தபின் மறுபடி அடியுங்கள். பக்கத்தில் பிடித்து அடித்தால் தூள் பறந்துவிடும். நுண்ணோக்கியில் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஸ்ப்ரே வேண்டாம். அலுமினியத் தாளில் பதிவு எடுத்து மடித்துவையுங்கள், தேவைப்படும்போது சுரண்டி எடுக்கலாம். 400 மடங்கு பெருக்கத்தில் ஸ்போரின் வடிவம் தெளிவாகத் தெரியும்.

காளானையும் சேமிக்க விரும்பினால், பருத்ததை இரண்டாக அறுத்து, 40 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். வளைத்தால் படக்கென்று ஒடியும் பதம் வர வேண்டும். சூடு அதிகமானால் வெந்துபோகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில், பென்சிலால் எண் எழுதிய சீட்டோடு மூடிவையுங்கள்.

சாப்பிடுவதைப் பற்றி

வைக்கோல் காளானையும் டெத் கேப் என்று உலகம் அறிந்த அமானிட்டா ஃபல்லாய்டெஸையும் மொட்டுப் பருவத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் முட்டை போலவே இருக்கும். விரிந்தபின்னும் இரண்டுக்கும் அடியில் பை உண்டு. வைக்கோல் காளானுக்கு வளையம் இல்லை, செவுள் முதிர்கையில் இளஞ்சிவப்பாகும், ஸ்போரும் இளஞ்சிவப்பு. டெத் கேப்புக்கு வளையம் உண்டு, செவுள் கடைசிவரை வெள்ளை, ஸ்போரும் வெள்ளை. ஒன்று மக்கும் வைக்கோலில் வளர்வது, மற்றொன்று உயிருள்ள மரங்களின் வேரோடு உறவு வைத்து மண்ணில் வளர்வது. வைக்கோல் காளானைச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அந்நிய நாட்டில் டெத் கேப்பைப் பார்த்து, ‘நம் ஊர்க் காளான்தானே’ என்று பறித்துச் சமைத்து இறந்த சம்பவங்கள் உண்டு.

அதன் நஞ்சான அமாடாக்சின் கொதிக்கவைத்தாலும் உலர்த்தினாலும் உறையவைத்தாலும் போகாது. உடலின் செல்கள் புரதம் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்கிவிடும். முதலில் கெடுவது கல்லீரல். சாப்பிட்டு ஆறு மணி நேரம் முதல் ஒரு நாள் வரை எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அதன்பின் ஒரு நாள் தேறிவிட்டது போல் இருக்கும். அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் உயிரைக் குடிக்கும். உள்ளே கல்லீரல் அப்போது செயலிழந்துகொண்டிருக்கிறது. கலெரினா மார்ஜினாட்டா என்று கட்டையில் வளரும் சின்னஞ்சிறு பழுப்புக் காளானிலும் இதே நஞ்சு உண்டு.

வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூண்டையோ அரிசியையோ சேர்த்து வேகவைத்துப் பார்ப்பது, பூச்சி கடித்திருந்தால் நல்லது என்று எண்ணுவது ஆகிய எல்லாமே பொய். டெத் கேப்பை நத்தை நன்றாகவே தின்னும். தன் நிலப்பகுதிக் காளான்களைப் பல்லாண்டுகள் படித்த ஒருவர், காளானை முழுதாகக் கையில் வாங்கிப் பார்த்துச் சொன்னால் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. கைப்பேசிச் செயலி தரும் பெயர் தேடலைத் தொடங்க உதவும். தட்டில் வைக்க உதவாது. யாராவது சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மீதமிருக்கும் காளான், வெட்டிப் போட்ட துண்டு, சமைத்தது எதுவானாலும் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

பூப்பாத்தியில் காளானை வரவழைப்பது

காடு தூரமாக இருக்கிறவர்களுக்கு மரச்சில்லு மூடாக்கு போட்ட பூப்பாத்தி ஒன்றே போதும். கை எட்டும் அகலமாக, 120 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், பாதி நாள் நிழல் விழும் இடத்தில் பாத்தி எடுங்கள். செடிகளை நட்டபிறகு அகன்ற இலை மரங்களின் சில்லுகளை, இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ளவையாக, ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மரத்தூள் வேண்டாம். அது இறுகிப் படிந்து தண்ணீரை மேலேயே வழியவிட்டுவிடும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, சில்லுகளை மண்ணோடு கொத்திக் கலந்துவிடுவது. மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்வதால் செடியின் அடியிலைகள் மஞ்சளாகும். மேலே பரப்பினால் மட்டும் போதும், அப்போது இந்த இழுபறி மேற்பரப்போடு நின்றுவிடும். மற்றொன்று, செடியின் தண்டை ஒட்டிக் குவிப்பது. எப்போதும் ஈரமாக இருந்து தண்டு அழுகும். எட்டுப் பத்து சென்டிமீட்டர் சுற்றிலும் விட்டுவிடுங்கள்.

நிழல் பக்கம் காசித்தும்பை நன்றாக வரும், அதுவும் காளானைப் போல ஈரம் விரும்பி. வெயில் படும் ஓரத்துக்கு ஜினியா. ஜினியா விதையை மூடாக்கில் நேரடியாகத் தூவாதீர்கள். குழித்தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, இரண்டு மூன்று இணை இலை விட்டதும் வேர்க்கட்டியை உடைக்காமல் 25 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். 20 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் மூன்றாம் இணை இலைக்கு மேலே நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும். பூவை வெட்டும் முன், பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கழுத்து வளைந்து ஆடினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம், ஜாடியில் நாள்பட நிற்கும்.

மூடாக்கைக் கிளறும்போது வெள்ளை நூல்வலை தெரிந்தால் பயந்து மருந்து அடிக்காதீர்கள். அதுதான் நீங்கள் காத்திருந்த பூஞ்சை; மரத்தைத் தின்கிறது, செடியைத் தொடாது. நாற்றுகளை மண்மட்டத்தில் மடித்துப்போடும் நாற்றழுகலும் ஜினியா இலையில் மாவு பூசினாற்போல் படரும் சாம்பல் நோயும் வேறு கூட்டம். முன்னதற்குக் குழித்தட்டில் தண்ணீரைக் குறைக்க வேண்டும், பின்னதற்குச் செடி நெருக்கத்தைக் குறைத்து வேரடியில் மட்டும் தண்ணீர் விட வேண்டும். ரோஜா போன்ற கட்டைச் செடியின் அடியில் தேன்நிறக் காளான்கள் கொத்தாக வந்து, பட்டையை உரித்தால் அடியில் வெள்ளைப் படலமும் மண்ணில் கறுத்த பூட்ஸ் கயிறு போன்ற இழைகளும் தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது ஆர்மில்லேரியா, உயிருள்ள வேரையே தின்னும். அந்தச் செடியை வேரோடு அகற்றத்தான் வேண்டும்.

தினமும் தெளிப்பதைவிட வாரம் ஓரிரு முறை ஆழமாக நனையவிடுங்கள். ஒருமுறை நன்றாகக் காய்ந்த சில்லு தண்ணீரை ஏற்க மறுக்கும். புதிய சில்லில் முதலில் மஞ்சள் நுரை போல ஒன்று திடீரென்று பரவக்கூடும். அது காளானே அல்ல, ஃபூலிகோ என்ற வழுப்பூசணம். தீங்கில்லை, சில நாளில் காய்ந்து தூளாகிவிடும். அதைவிட அருமையான விருந்தாளி பறவைக்கூட்டுப் பூஞ்சை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் குட்டிக் கிண்ணம், அதற்குள் தட்டையான முட்டைகள் போலச் சில உருண்டைகள். மழைத்துளி ஒன்று கிண்ணத்துக்குள் நேராக விழுந்தால் அந்த வேகத்தில் உருண்டைகள் ஒரு மீட்டர் தூரம்கூடத் தெறிக்கும். சொட்டுக் குழாயால் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டு நீங்களே அதைப் பார்க்கலாம். பூந்தொட்டியில் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளில் முளைக்கும் லூக்கோகாப்ரினஸும் செடிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் தின்னக் கூடாது. சிறு குழந்தையோ நாயோ பக்கத்தில் நடமாடினால் பிடுங்கிவிடுங்கள்.

மை காய்ச்சுவது

புல்வெளியிலும் பாதையோரத்திலும் வெள்ளைத் தூண் போல நிமிர்ந்து, மேலே சுருண்ட செதில்களோடு வரும் கொப்ரைனஸ் கொமாட்டஸ் என்ற காளான், விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் கறுத்துக் கரைந்து சொட்டும். அந்தச் சொட்டுதான் மை. அதன் கறுப்பு முழுக்க ஸ்போர்கள்.

விளிம்பு கறுக்கத் தொடங்கிய குடைகளைக் காம்பு நீக்கி, அகன்ற வாய் உள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, துணியால் தளர்வாக மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளில் முழுக்கக் கறுப்புக் குழம்பாகிவிடும். நாற்றம் கடுமையாக இருக்கும், அதற்காகத்தான் வெளியே வைக்கச் சொன்னது. மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில், திறந்த வெளியில் சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். ஆறிய பிறகு 100 மில்லிக்கு அரைத் தேக்கரண்டி வேலம் பிசின் தூளை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் மை காகிதத்தில் பிடிக்கும். மூன்று நான்கு சொட்டுக் கிராம்பு எண்ணெய் பூசணம் பிடிக்காமல் காக்கும்.

மை வெளுத்திருந்தால் குடைகள் போதுமான அளவு முதிரவில்லை, அல்லது தண்ணீர் கலந்துவிட்டது; இன்னும் கொஞ்சம் சுண்டவிடுங்கள். ஸ்போர்கள் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கியே தொட வேண்டும். ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்போ தூரிகையோதான் சரி. ஒரே பூச்சில் சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் கறுப்பு ஏறும். புட்டிமேல் ‘காளான் மை, குடிக்கக் கூடாது’ என்று தேதியோடு ஒட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மேலே படலம் கட்டினாலோ நெடி மாறினாலோ ஊற்றிவிட்டு அடுத்த மழைக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.